நாலு கலர் மெஷினோடு மூன்று வார நடுக்கம்

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு: ஓடுகிற மெஷின் நின்றுவிடுமோ என்பது ஒன்று, நிற்கிற மெஷின் ஓடிவிடுமோ என்பது இன்னொன்று. முதல் பயம் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பயத்தை அனுபவித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கூட்டம்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் எனக்கு ஓர் அச்சுக்கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், சாப்பாட்டுக் கடை மெனு, பாட்டில் லேபிள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். லிஃப்ட் கதவு மூடும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் பழைய மெஷினை வாங்கி, அது பழுதாகி, ரிப்பேர் செய்வதா மாற்றுவதா என்று தவித்த கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பெண் பார்த்த கதை

மெஷினை வாங்கியது எங்கள் தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் ஒரு தகரக் கொட்டகையில். ஜப்பானில் ஓடி முடிந்த மெஷின்களைக் கப்பலில் இறக்கி, கழுவி, பெயின்ட் அடித்து விற்கிறார் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. அவருடைய அப்பா தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் அவருக்குத் தமிழ் நம்மைவிட நன்றாக வரும். நாலு கலர் மெஷினை எனக்காக ஓட்டிக் காட்டினார். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்தன. சத்தமும் சீராக இருந்தது.

எல்லாம் சரி. ஆனால் இதுவரை எத்தனை தாள் அடித்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் பூஜ்ஜியத்தில் நின்றது. என் கல்யாணத்தின் வயதுள்ள மெஷின் ஒரு தாள்கூட அடிக்கவில்லையாம். தயங்கித் தயங்கி, “இது ஏன் பூஜ்ஜியமா இருக்கு?” என்று கேட்டேன். தவுக்கே சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அக்கா, பொண்ணு பாக்க வந்தா பாடச் சொல்லிக் கேளுங்க, பல்ல எண்ணாதீங்க லா.”

பதினொன்றரை மணிக்கு அரைச் சுற்று

ஆறு வருடம் அது நன்றாகவே பாடியது. ஓட்டுபவர் சேகர். நாற்பத்தைந்து வயது, பேச்சு குறைவு, கை சுத்தம். இந்த மெஷினுக்குள் மையை வாங்கித் தாளுக்குக் கொடுக்கும் ரப்பர் உருளைகள் உண்டு. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, மருந்தில் நனைத்த துணியால் அவற்றைத் துடைக்க வேண்டும். உருளைக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு தாள் போகத்தான் இடம். விரல் போக இடமில்லை.

ஒரு புதன்கிழமை நான் முன் மேசையில் கல்யாண மாப்பிள்ளை ஒருவருக்கு அட்டை மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கடக்கென்று ஒரு சத்தம். ஓடினேன். மெஷின் நின்றுகொண்டுதான் இருந்தது. மூடி திறந்திருந்தது. சேகர் இரண்டடி தள்ளி, முதுகு சுவரில் ஒட்ட நின்றார். துடைக்கிற துணி பாதி வெளியே தொங்கியது, மீதிப் பாதி உருளைகளுக்கு நடுவில் அப்பளம் போல நசுங்கிக் கிடந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. பொத்தான்கள் அந்தக் கோடியில் இருக்கின்றன. மெஷின் தானாக அரைச் சுற்று உருண்டிருக்கிறது.

“கை? கை எங்க?” என்று கத்தினேன். சேகர் கையைப் பின்னால் கட்டியபடியே, ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன், துணியை உள்ளே மறந்து வைத்து மூடிவிட்டேன், சத்தம் கேட்டுத்தான் திறந்து பார்த்தேன் என்றார். நம்பினேன். நம்பாவிட்டால் வேறு எதை நினைக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்:

“அக்கா, என் பத்திரிகைய இதுலயா அடிக்கப் போறீங்க?”

வசந்தி வந்தார்

மறுநாள் மத்தியானம் சேகரின் மனைவி வசந்தி கடைக்கு வந்தார். பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி சட்டையோடு நேரே வந்திருந்தார். சேகர் அப்போது காகிதம் எடுக்கப் போயிருந்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது.

“அவரோட கட்டை விரல் நகம் கறுத்துப் போயிருக்கு அக்கா. வீட்டுக் கதவு இடிச்சிருச்சுன்னு சொல்றாரு. எங்க வீட்டுக் கதவு இத்தன வருசத்துல யாரையும் இடிச்சதில்ல” என்றார். மெஷினில் கொஞ்சம் கோளாறு, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று ஏதேதோ சொன்னேன். நகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வசந்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“எங்க ஃபேக்டரில மெஷின் தப்பு பண்ணுச்சுன்னா, லைன்ல நிக்கிற யாரு வேணும்னாலும் நிறுத்தலாம். இங்க யாரு அக்கா நிறுத்துவா?”

மெயின் சுவிட்சும் ஞாயிற்றுக்கிழமை மீனும்

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் ஆரம்பமானது. சேகர் துடைக்கப் போகும்போதெல்லாம் நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் உருளையைக் கைப்பிடியால் உருட்டி உருட்டித் துடைப்பார். முன்னால் வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் நகரமாட்டேன். பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. என் வலது கை இரவெல்லாம் வலித்தது.

ரிப்பேருக்கு வந்தவர் ராஜன் அண்ணன். தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் போர்டு பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மூடி திறந்திருந்தபோது உருண்டதா, மூடியிருந்தபோதா என்று அவர் முதலிலேயே கேட்டார். சேகர் கீழே பார்த்துக்கொண்டு, “மூடித்தான் இருந்துச்சு” என்றார். நானும் அதையே சொன்னேன். ராஜன் அண்ணன் இரண்டு நாள் கரண்ட் சோதிக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு தவம் கிடந்தார். மெஷின் சாதுவாக இருந்தது. கடைசியில் மெஷினை ஆன் செய்து, எதிரே ஒரு கேமராவை வைத்து, வீட்டிலிருந்து போனில் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். கடையைப் பூட்டிவிட்டதால் யாரும் உள்ளே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் கழுவிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத கடை, அசையாத மெஷின். திடீரென்று உருளை கால் சுற்று உருண்டு நின்றது. அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் என் கணவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். ஒரு மெஷின் யாருமே இல்லாத இடத்தில் தன்பாட்டுக்கு அசைவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் தெரியுமா? அன்றைக்கு நான் மீன் சாப்பிடவில்லை.

ராஜன் அண்ணன் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தார். கன்ட்ரோல் போர்டில் எங்கோ ஈய ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, யாரும் கேட்காமலேயே அது மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிறது என்றார். வழிகளையும் சொன்னார். அதே போர்டைக் கழற்றி ஒட்டலாம். உடைத்துப் போட்ட வேறொரு மெஷினிலிருந்து போர்டு வாங்கிப் போடலாம், ஆனால் அதற்கும் இதே வயதுதான். பழைய கன்ட்ரோலை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அல்லது மெஷினையே மாற்றலாம். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: மறுபடி எப்போது உருளும்?

“பேயா இருந்தா அமாவாசைக்கு வரும்னு சொல்லிடலாம் தங்கச்சி. இது விட்டுப்போன ஒட்டு, எப்ப வரும்னு அதுக்கே தெரியாது.”

பத்மா அம்மாவின் முட்டி

கடையில் ஒரு மெஷின் ரோசாக், பழுது என்று தெரிந்தால் போதும், வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள்தான். மாற்று என்பார்கள் சிலர், மாற்றாதே என்பார்கள் சிலர். இரண்டு கூட்டத்துக்கும் மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பாலிக் புலாவில் ஜாதிக்காய் ஜூஸும் தைலமும் செய்து விற்கும் பத்மா அம்மா லேபிளுக்காக வந்தார். மாற்றவே கூடாது என்பது அவர் கட்சி. புது மெஷினில் அடித்தால் லேபிளில் நிறம் மாறிவிடும், நிறம் மாறினால் வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்றார். பேசிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்தவர் மேசையை ஒரு கையாலும் என் தோளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். முட்டியை மாற்றச் சொல்லி டாக்டர் மூன்று வருடமாகச் சொல்கிறாராம். இவர் தைலம் தடவிக்கொண்டு சமாளிக்கிறாராம். பயமாக இல்லையா என்று கேட்டேன். என் அறியாமையைப் பார்த்து இரக்கப்பட்டவர் போலச் சொன்னார்:

“பழகிப் போச்சுன்னா அது வலியே இல்லம்மா.”

மறுபடியும் அந்தத் தகரக் கொட்டகை

மாற்றிவிடலாம் என்றே ஒரு நாள் முடிவு செய்தேன். சேகர் விரலைவிட மெஷின் பெரிதா? கணவருடைய காடியில் பாலம் தாண்டிப் போனேன். தவுக்கே என்னை மறக்கவில்லை. என்னுடையதைவிட நாலு வயது இளைய மெஷின் ஒன்று அப்போதுதான் இறங்கியிருந்தது. இந்த முறை மீட்டர் பூஜ்ஜியத்தில் இல்லை, ஏதோ ஒரு எண் இருந்தது. அதையும் நான் நம்பவில்லை. அது வேறு விஷயம்.

பழசைக் கொடுத்துவிட்டு மேலே பணம் போட்டுப் புதுசை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் பேசி முடிந்து கிளம்புகிற நேரத்தில், சும்மா இருக்க முடியாமல், என் மெஷினை வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கழுவிப் பெயின்ட் அடிப்பாராம். அலோர் ஸ்டாரில் புதிதாகக் கடை போடுகிற ஒருவர் நாலு கலர் மெஷின் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். தானாக உருளும் என்று அவரிடம் சொல்வீர்களா என்றேன். தவுக்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் கடை என் கண்முன் வந்தது. முகம் தெரியாத ஒருவர் அந்த உருளையைத் துணியால் துடைக்கிறார். மெயின் சுவிட்சில் கை வைத்து நிற்க அங்கே யாரும் இல்லை. அதற்குமேல் இன்னொன்றும் உறைத்தது. என் மெஷினையும் ஜப்பானில் எவரோ ஒருவர் ஏதோ ஒன்றுக்குப் பயந்துதான் விற்றிருப்பார். அன்றைக்கு நான் பல்லை எண்ணவில்லை. கொட்டகை வாசலிலேயே, வேண்டாம், ரிப்பேரே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தவுக்கேவுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது.

“ஓடுற மெஷின்னுதான் லா அவன்கிட்ட சொல்லுவேன். நீங்களே சொல்லுங்க அக்கா, ஓடலயா?”

மடித்து வைத்த அட்டை

ராஜன் அண்ணன் பழைய கன்ட்ரோலை அடியோடு எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி கட்டினார். ஐந்து நாள் வேலை. ஆறாம் நாள் சோதனை. மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மெஷின் அசையக் கூடாது. மூடிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, மூடி திறந்தால் அது கரண்டை வெட்டிவிட வேண்டும். போர்டு பைத்தியம் பிடித்து ஆயிரம் உத்தரவு கொடுத்தாலும் இந்தச் சுவிட்ச் இருக்கிறவரை துடைக்கிற கைக்கு ஆபத்து இல்லை என்று ராஜன் அண்ணன் விளக்கிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

மூடி திறந்திருக்க, மெஷின் ஜம்மென்று உருண்டது.

அவர் முகம் மாறியது. குனிந்து டார்ச் அடித்தார். திருப்புளியால் அந்தச் சுவிட்ச் இடுக்கிலிருந்து எதையோ நெம்பி எடுத்தார். நாலாக மடித்த கெட்டி அட்டை. மை ஏறிக் கறுத்திருந்தது. அதை வைத்துச் சுவிட்சை அமுக்கி வைத்ததால் மூடி எப்போதும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பிக்கொண்டிருந்தது. அட்டையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பாதி. மணப்பெண்ணின் பெயர் இருந்தது.

அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. முகூர்த்த நேரம் தப்பாக அடித்துவிட்டு, ஒரே நாளில் அத்தனையையும் திருப்பி அடித்த கல்யாணம் அது. பெண்ணின் அப்பா முன் மேசையில் நின்றுகொண்டு கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் மெஷின் மறுபடி கிளம்ப அரை நிமிடம் போனது. “ஏதாவது பண்ணுங்க சேகர், இந்த மூடியோட மாரடிக்க முடியாது” என்று கத்தியவள் நான். அதன் பிறகு வேலை பறந்தது. என்ன செய்தார் என்று கேட்கவில்லை. மத்தியானம் அவருக்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்துப் பாராட்டினேன். அட்டை அங்கேயே இருந்துவிட்டது. நாலு வருடம்.

ராஜன் அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தார். புதுச் சுவிட்ச் எடுக்க வெளியே போனார். நான் சேகரின் கட்டை விரலை முதல் தடவையாக நேராகப் பார்த்தேன். அடியிலிருந்து புது நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அந்தப் புதன்கிழமை அவர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. இத்தனை நாளும் நான் மெஷினுக்குப் பயந்தேன். அப்போது வந்தது பயம் மட்டுமில்லை, வெட்கம். “ஏன் அப்பவே சொல்லல சேகர்?” என்று கேட்டேன்.

“நீங்க சொல்லித்தானே வச்சேன். வெளியாளு முன்னாடி உங்கள எப்படிக்கா காட்டிக் குடுக்கறது?”

மெனு அட்டை அவசரம்

புதுப் பெட்டி, புதுச் சுவிட்ச். இப்போது மூடியை விரல் அகலம் தூக்கினாலும் மெஷின் செத்ததுபோல் நின்றுவிடுகிறது. வசந்தியை வரச் சொல்லிக் காட்டினேன். அவரே மூடியைத் திறந்து, அவரே பொத்தானை மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார். நானும் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் மெனு அட்டைக்கு வந்து நின்றார். மறுநாள் கடை திறப்பு. காலையில் வந்தவர் நகரவே இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் அக்கா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சேகர் மூடியைத் திறந்தார், துடைத்தார், மூடினார். அரை நிமிடம். திறந்தார், துடைத்தார், மூடினார். அரை நிமிடம். எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. கடைக்காரர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் நான் திரும்பிக் கத்திவிட்டேன்: “சேகர், ஏதாவது—”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பாதியே போதுமாக இருந்தது. சேகர் திறந்த மூடிக்குப் பக்கத்தில், கையில் துணியோடு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, கேலியில்லை. முதலாளி சொல்லப் போவதைச் செய்யத் தயாராக நிற்கிற முகம். மெஷின் தானாக உருண்டபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

“என்னக்கா, வச்சிரவா?”

வேண்டாம், மெதுவாகவே பண்ணுங்க என்று சொல்லிவிட்டு, கடைக்காரரை நாளைக் காலை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

பழைய மெஷினை ரிப்பேர் செய்வதா மாற்றுவதா என்று இனி யாராவது என்னிடம் வந்து கேட்டால், முதலில் முதலாளியைக் கழற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வதாக இருக்கிறேன்.